போனுக்குள்ள பெரிம்மா

அந்த வீட்டுல காலையில முதல்ல முழிக்கிறது போன்தான். அடுப்புல பால வைக்கிறதுக்குள்ள அது கிர்ருன்னு அடிச்சிரும். எடுத்தா ஊர்ல இருக்கிற அக்கா முகம் பாதி, தையல் மெஷின் பாதி தெரியும். "என்ன, எல்லாரும் எழுந்தாச்சா?"ன்னு ஆரம்பிப்பா. அதுக்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் அந்த வீடியோ கால் அணையாது. தண்ணி ஜக்குல சாய்ச்சு வச்சா சமையக்கட்டு, அலமாரியில சாய்ச்சு வச்சா கட்டில். பெருசா பேச்சுன்னு ஒண்ணும் இருக்காது. அக்கா அங்க யாரோ ஒருத்தரோட பேண்ட்டுக்கு ஓரம் அடிச்சுக்கிட்டு இருப்பா, தங்கச்சிக்காரி இவ இங்க வெளிநாட்டுல பால் பாட்டில் கழுவிக்கிட்டு இருப்பா. ஆனா குளிக்கப் போகணும்னா, "அக்கா, ஒரு கண்ணு பாத்துக்கோ"ன்னு சொல்லிட்டு ஓடலாம். அத்தன தூரத்துல இருந்து பிள்ளைங்கள பாத்துக்க முடியுமான்னு கேட்டா, பாக்க முடியும். தூக்கத்தான் முடியாது.

பிள்ளைங்க ரெண்டு. பெரியவளுக்கு இன்னும் மூணு வயசு முடியல. வாய் ஓயவே ஓயாது, அதனால அவ அப்பா வச்ச பேரு சில்வண்டு. சின்னவனுக்குப் பேரு வச்சது சில்வண்டு. ஆஸ்பத்திரியில இருந்து அவன போர்வையில சுத்திக் கொண்டாந்த அன்னைக்கு, "அது என்ன மூட்ட?"ன்னு கேட்டா. அன்னையில இருந்து அவன் மூட்டதான். ஒரு வாரம் பொறுத்துப் பாத்துட்டு, "மூட்ட எப்ப போகும்?"ன்னு கேட்டா. போகாதுன்னு தெரிஞ்சதும் கிள்ள ஆரம்பிச்சா. இவ அந்தப் பக்கம் திரும்புனா கிள்ளு, இந்தப் பக்கம் திரும்புனா அழுக. கேட்டா, "மூட்ட தானா அழுதுச்சு"ன்னு கண்ண உருட்டுவா.

வீட்டுக்காரர் வேன் ஓட்டுறவரு. கடை கடையா ரொட்டி இறக்குற வேல. விடியுறதுக்கு முன்னாடி போனா பொழுது சாயத்தான் வருவார். வண்டி ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாதுன்னு கம்பெனி சட்டம். ஆக பகல் முழுக்க இவளுக்கு நாலு சுவரு, ரெண்டு பிள்ள, ஒரு போன். அந்தக் கட்டடத்துல இவ பாஷ தெரிஞ்சவங்க ஒருத்தர் கிடையாது. படிக்கட்டுல எதிர்ப்படுறவங்கள பாத்துச் சிரிப்பா, அவங்களும் சிரிப்பாங்க. அதோட முடிஞ்சுபோகும். சில நாள் சாயங்காலம் அவர் வந்து ஏதாவது கேக்கும்போதுதான், வளந்த ஆளுங்ககிட்ட பேசுற குரல் தொண்டையில இருந்து எழும்ப மாட்டேங்குதுன்னு இவளுக்கே தெரியும்.

சரி, இதையெல்லாம் அக்காகிட்ட சொல்லலாமேன்னா, சொல்ல முடியாது. அதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு.

அக்காவோட ஒரே பையன் போன வருஷம் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போயிட்டான். அவன் ரூம் சும்மா கிடக்கு. மூட்ட பொறந்ததுல இருந்தே அக்கா அடி போட ஆரம்பிச்சா. "ரெண்ட வச்சுக்கிட்டு ஒண்டியா என்னடி பண்ணுவ? பெரியவள எங்கிட்ட அனுப்பிடு. ஒரு ரெண்டு வருஷம் வளத்துத் தர்றேன். சின்னவன் நடக்க ஆரம்பிச்சதும் கூட்டிக்கோ." அக்கா சொல்றதுல புதுசா ஒண்ணும் இல்ல. வெளிய வந்து பொழைக்கிற குடும்பத்துல பாதிப் பேர் இப்படித்தான் ஒரு பிள்ளைய ஊருக்கு அனுப்பிட்டு, ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை போன்ல முத்தம் குடுத்துக்கிட்டு இருக்காங்க. வீட்டுக்காரரும் வேணாம்னு சொல்லல. அவர் கூட வண்டி ஓட்டுறவரும் அவர் சம்சாரமும் லீவுக்கு ஊருக்குப் போறாங்க, பிள்ளைய பத்திரமா கொண்டுபோய் விடுறோம்னு சொல்லிட்டாங்க. டிக்கெட் போடணும், வேணுமா வேணாமான்னு சீக்கிரம் சொல்லுங்கன்னு நெருக்குறாங்க.

அதனாலதான் இவ ஒரு ஆள உண்டாக்குனா. எதிர்வீட்டு அக்கா.

"எதிர்வீட்டு அக்கா ரொம்ப தங்கம்க்கா. ஒரு குரல் குடுத்தா ஓடி வந்துருவாங்க. சில்வண்ட வெளையாடக் கூட்டிட்டுப் போவாங்க. இன்னைக்குக்கூட நான் தூங்கணும்னு மூட்டய மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்க." முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறதுன்னு சொல்லுவாங்கள்ல, இவ ஒரு முழு மனுஷிய சோத்துல இருந்து எடுத்துட்டா. நெசத்துல எதிர்வீட்டுல ஒரு பொம்பள இருக்கு. இவ பாத்தது அந்தக் கதவு மூடும்போது ஒரு கை, ஒரு நீலப் பை. அவ்வளவுதான்.

அன்னைக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. துணி தொவைக்கிற மெஷின் கட்டடத்துக்கு அடியில, எல்லாருக்கும் பொது. தொவைச்சு முடிஞ்சதும் போய் எடுக்கணும். இல்லன்னா அடுத்த ஆளு நம்ம துணிய வாரித் தரையில போட்டுட்டு அவங்க துணியப் போட்டுருவாங்க. மூட்டயோட சட்டைங்க ரெண்டு தடவ அப்படி அழுக்குத் தரையில கிடந்து, திரும்பத் தொவைக்க வேண்டியதாப் போச்சு. இவளோட வீடு மூணாவது மாடி. வாசக்கதவோ, விட்டா தானா வந்து சாத்தி, உள்ளுக்குள்ள பூட்டிக்கிற ரகம். அதனால வீட்டுக்காரரோட கனமான பழைய பூட்ஸ் ஒண்ண நடுவுல வச்சுட்டுத்தான் எப்பவும் இறங்குவா. சாவி எடுத்துட்டுப் போற பழக்கமே இல்ல.

மூட்டைய கட்டில்ல படுக்கப் போட்டு ரெண்டு பக்கமும் தலகாணி வச்சா. அந்த வாரம்தான் அவன் குப்புற விழக் கத்துக்கிட்டிருந்தான். போன அலமாரியில சாய்ச்சு, கட்டில் முழுசாத் தெரியுற மாதிரி திருப்பி வச்சா.

"அக்கா, ஒரு கண்ணு பாத்துக்கோ. துணி எடுத்துட்டு ஓடி வந்துடுறேன்."

"ஏன்டி, எதிர்வீட்டு அக்கா இல்லயா?"

"இப்பதான்க்கா வந்துட்டுப் போனாங்க."

"நல்ல மனுஷி. ஒரு நாள் காட்டேன்டி, ரெண்டு வார்த்த பேசணும்."

"காட்டுறேன், காட்டுறேன்"ன்னுட்டு இறங்குனா.

கீழ போனா மெஷின் இன்னும் சுத்திக்கிட்டு இருந்துச்சு. திரும்ப மேல ஏறி வந்திருக்கலாம். ஏறல. மெஷினுக்கு முதுக குடுத்துக்கிட்டுத் தரையில உக்காந்தா. முதுகு சூடா இருந்துச்சு, யாரோ பின்னால இருந்து கட்டிக்கிட்ட மாதிரி. யாரும் அம்மான்னு கூப்பிடல. கண்ண மூடிக்கிட்டா. மெஷின் நின்ன சத்தத்துலதான் திடுக்குன்னு முழிச்சா.

ஈரத் துணிய வாரிக் கூடையில போட்டுக்கிட்டு, மூணு மாடி ஏறி வந்து பாத்தா, கதவு சாத்தியிருக்கு. பூட்ஸக் காணோம்.

விஷயம் என்னன்னா, செருப்பு வைக்கிற தட்டுக்கு அந்த வீட்டுல "செருப்பு வீடு"ன்னு பேரு. அப்பா சொல்லிக் குடுத்தது. எந்தச் செருப்பு எங்க கிடந்தாலும் அத அதோட வீட்டுல கொண்டுபோய் விடுறதுதான் சில்வண்டோட முழுநேர உத்தியோகம். அப்பா கைதட்டுவாரு, பெரிம்மா கைதட்டுவா. அன்னைக்கு அப்பாவோட பூட்ஸ் பாவம் வெளிய நிக்குதேன்னு ரெண்டு கையாலயும் இழுத்துட்டுப் போய் வீட்டுல விட்டுட்டா. கதவு பின்னாடியே டக்குன்னு சாத்திக்கிச்சு.

இவளுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கூடையப் போட்டுட்டுக் கதவத் தட்டுனா.

உள்ள இருந்து, "யாரு?"

"அம்மாடி. கதவத் தெற."

"அம்மா கீழ போயிருக்கா."

"அடியேய், நான்தான்டி அம்மா! கைப்பிடியக் கீழ அமுக்கு."

குதிக்கிற சத்தம் கேட்டுச்சு. தொப், தொப். "எட்டல."

"நாற்காலிய இழுத்துட்டு வா தங்கம்."

"கனமா இருக்கு." அப்புறம் கொஞ்சம் பெருமையா, "அம்மா, பூட்ஸ் வீட்டுக்குப் போயிருச்சு."

"நல்ல காரியம் பண்ணுன போ"ன்னு தலையக் கதவுல முட்டிக்கிட்டா.

அந்த நேரம் பாத்து மூட்ட அழ ஆரம்பிச்சான். கூடவே அக்காவோட குரல், போன் எவ்வளவு கத்துமோ அவ்வளவு சத்தமா. "ஏய் சில்வண்டு! தம்பி உருளுறான் பாரு! ஐயோ, தலகாணியத் தள்ளிட்டான்! உங்க அம்மா எங்கடி?"

"அம்மா கதவுல இருக்கா."

"கதவுலயா? வரச் சொல்லுடி!"

"வர முடியாது. பூட்டிக்கிச்சு."

அக்காவுக்கு ஒரு நொடியில புரிஞ்சுபோச்சு. தையல் மெஷின் சத்தம் பட்டுன்னு நின்னுச்சு. "சரி, அழாத. எதிர்வீட்டு ஆன்ட்டியக் கூப்பிடச் சொல்லு அம்மாவ. அவங்க ஓடி வருவாங்க."

"எந்த ஆன்ட்டி?"

"தினம் வருவாங்கள்லடி. உன்ன வெளையாடக் கூட்டிட்டுப் போவாங்கள்ல."

"யாரும் வர மாட்டாங்க பெரிம்மா. நானு, அம்மா, மூட்ட."

கதவுக்கு இந்தப் பக்கம் இவ நின்னு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டா. உள்ள மூட்ட வீறிட்டுக்கிட்டு இருந்தான்.

அப்புறம் அக்கா கேள்வி கேக்கல. குரல இறக்கி, கெஞ்சுற மாதிரி சொன்னா. "தங்கம், பெரிம்மாவுக்கு அங்க கை இல்லடி. கை இங்க மாட்டிக்கிச்சு. தம்பி ஓரத்துக்கு வந்துட்டான். நீ போய் அவன் பக்கத்துல படுத்துக்கோ. அவன் விழாம."

"மாட்டேன். எனக்கு அம்மா வேணும்."

சில்வண்டு திரும்பக் கதவுகிட்ட வந்துட்டா. கதவடிச் சந்துல நாலு குட்டி விரல் வெளிய வந்துச்சு. "அம்மா, கையப் புடி."

இவ தரையில உக்காந்து அந்த விரலத் தொட்டா. தன்னத் தேடி வந்த பிள்ளைய, போடின்னு அனுப்பணும். அதுவும் அவளுக்குப் பிடிக்காத ஒருத்தன்கிட்ட. எத்தன மாசமா அதத்தான பண்ணிக்கிட்டு இருக்கோம்னு அப்பதான் உறைச்சுது.

"கதவ விடுடா தங்கம். அம்மா எங்கயும் போகல. நீ தம்பிகிட்ட போ."

"மூட்ட வேணாம்."

"வேணாம்னாலும் பரவால்ல. பிடிக்கலன்னாலும் பரவால்ல. சும்மா பக்கத்துல படு. அம்மா உள்ள வர்ற வரைக்கும்."

விரல் அப்படியே இருந்துச்சு. அப்புறம் ஒண்ணு ஒண்ணா உள்ள போச்சு.

அதுக்கப்புறம் நடந்தத இவ பாக்கல. ரெண்டடி தூரத்துல நடந்தத, எங்கயோ கடல் தாண்டி இருக்கிறவ பாத்துச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டு இருந்தா. "ஏறு, ஏறு. அப்படித்தான். இந்தப் பக்கம் இல்ல, ஓரத்துப் பக்கம். படு. நீட்டிப் படு. ஆங். ஐயோ, என் ராசாத்தி." அக்கா குரல் உடஞ்சுது. "நான் பாத்துக்கிட்டு இருக்கேன். நீ ஆடாத. எழுந்திரிச்சுடாத."

இவ எழுந்தா. திரும்பி எதிர்வீட்டுக் கதவப் பாத்தா. இத்தன நாள் அந்தக் கதவுக்குப் பின்னாடி எவ்வளவு கத கட்டி வச்சிருந்தா. தட்டுனா. பதில் இல்ல. ரெண்டு கையாலயும் அடிச்சா.

தெறந்தது ஒரு உசரமான பொம்பள. தூக்கத்துல போடுற கண்ணுப்பட்ட நெத்தியில ஏறி நிக்குது, ஒரு பக்கக் கன்னத்துல தலகாணி மடிப்பு. ராத்திரி வேலைக்குப் போறவ போல, பகல்தான் அவளுக்குத் தூக்கம். என்னவோ கேட்டா. இவளுக்குத் தெரிஞ்ச நாலு வார்த்தையும் அந்த நேரத்துல வாய்க்கு வரல. கையால தொட்டில் ஆட்டிக் காட்டுனா, குட்டைன்னு ஒசரம் காட்டுனா, கதவக் காட்டுனா, பூட்டுன மாதிரி கையத் திருகிக் காட்டுனா. உள்ள மூட்ட வீறிட்ட சத்தம் மிச்சத்தச் சொல்லிருச்சு.

அந்தப் பொம்பள உள்ள போனா. சரிதான், போயிட்டான்னு இவ நெனச்சா. ஆனா ஒரு பிளாஸ்டிக் பாட்டிலயும் கத்திரிக்கோலையும் எடுத்துக்கிட்டு வந்து, கொட்டாவி விட்டுக்கிட்டே ஒரு பக்கத்த வெட்டிப் பட்டையா எடுத்தா. அதக் கதவு சந்துல விட்டு, தோளால ஒரு இடி இடிச்சு, கொஞ்சம் நெம்புனா. கதவு தெறந்துக்கிச்சு. பல தடவ வெளிய மாட்டிக்கிட்ட ஆளு போலருக்கு.

உள்ள ஓடுனா, கட்டில் ஓரத்துல சில்வண்டு குச்சி மாதிரி நீட்டிப் படுத்திருக்கா. மூட்ட அவ மேல பாதி ஏறி, அவ முடிய ரெண்டு கையாலயும் கொத்தாப் புடிச்சு இழுத்துக்கிட்டு இருக்கான். சில்வண்டு கண்ணுல இருந்து தண்ணி பொலபொலன்னு வருது, ஆனா அசையல.

"அம்மா, மூட்ட முடிய விட மாட்டேங்குறான்"ன்னா. "நான் கிள்ளவே இல்ல."

இவ ரெண்டையும் வாரி அள்ளிக்கிட்டா. அவன் விரல ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுக்க வேண்டியிருந்துச்சு. நிமிந்து பாத்தப்ப எதிர்வீட்டுக்காரி வாசல்லயே நின்னா. இவ கைய நெஞ்சுல வச்சுத் தலையாட்டுனா. அவ சிரிச்சுட்டு, கண்ணுப்பட்டைய இறக்கிக் காட்டிட்டு, தூங்கப் போயிட்டா. அவ கதவும் டக்குன்னு சாத்திக்கிச்சு.

"அவங்கதானா?"ன்னு போன்ல அக்கா.

"யாரு?"

"நீ சொன்ன எதிர்வீட்டு அக்கா."

"ம்."

"பேரு என்னடி அவங்களுக்கு?"

இவ மூட்டைய மடியில போட்டுத் தட்டிக்கிட்டே இருந்தா. ஏதாவது ஒரு பேரச் சொல்லியிருக்கலாம். வாயில வந்துச்சு, சொல்லல.

"தெரியாதுக்கா. இன்னைக்குத்தான் மூஞ்சியவே பாத்தேன்."

"எதுக்குடி இவ்வளவு பெரிய பொய்யி? நான் என்ன அந்நியமா?"

"நீ சில்வண்டக் கேட்டுட்டே இருந்தியே."

"கேட்டது தப்பா?"

"தப்புல்லக்கா. எங்க நானே குடுத்துருவேனோன்னு பயம். எத்தன நாள் தெரியுமா, இவ ஒருத்தி இல்லன்னா கொஞ்சம் தூங்கலாமேன்னு நெனச்சிருக்கேன். நீ இன்னொரு தடவ அழுத்திக் கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பேன். அதான்."

அக்கா கையில இருந்த துணிய மடிச்சா, பிரிச்சா, திரும்ப மடிச்சா.

"பையன் ரூமுக்கு மஞ்ச பெயிண்ட் அடிச்சேன்டி"ன்னா கடைசியா. "அவளுக்கு மஞ்ச பிடிக்கும்னு நீதான் சொன்ன."

"அனுப்ப மாட்டேன்க்கா."

"புரியுது."

"கோவமாக்கா?"

"கோவம் என்னடி கோவம். ஒரு ஆளுக்கு அவசரமா துணி குடுக்கணும், இரு."

இரு-ன்னுதான் சொன்னா. ஆனா போன் அணஞ்சுபோச்சு. பகல்ல அது அணஞ்சு இவ பாத்ததே இல்ல. கருப்புக் கண்ணாடியில இவ முகமும், இவ தோளுக்குப் பின்னால ஜன்னலும் தெரிஞ்சுது. வீட்டுல அவ்வளவு அமைதி இருக்கும்னு அதுவரைக்கும் தெரியாது.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். எல்லாத்தையும் சொன்னா. அவர் சில்வண்ட மடியில உக்கார வச்சு, மண்டையில செவந்து கிடந்த இடத்த ஊதிவிட்டார்.

"டிக்கெட்டுக்கு நாளைக்குச் சொல்றேன்னேன்மா அவங்ககிட்ட."

"வரலன்னு சொல்லிடுங்க."

"யோசிச்சுச் சொல்லு. உன்னால முடியுமா?"

"முடியாது."

"அப்புறம்?"

"முடியாமலே பாத்துக்கிறேன்."

பிள்ள மடியிலயே தூங்கிட்டா. அவர் அவள அலுங்காமத் தூக்கிக் கட்டில்ல படுக்க வச்சாரு.

மறுநாள் பால் பொங்குச்சு, போன் அடிக்கல. இவளே கூப்பிட்டா. மணி அடிச்சு அடிச்சு நின்னுச்சு. மெஷின் சத்தத்துல கேட்டிருக்காதுன்னு திரும்பக் கூப்பிட்டா. எடுக்கல. எதிர்வீட்டுக் கதவுகிட்ட போய் நின்னு கைய ஓங்குனா. பாவம், இப்பதான் வந்து படுத்திருப்பான்னு நெனச்சு, ஓங்குன கைய இறக்கிட்டா.

மூட்டயோட துணி ஒரு கூடை நெறஞ்சு கிடந்துச்சு. ஒரு பழைய துப்பட்டாவால மூட்டைய நெஞ்சோட சேத்துக் கட்டிக்கிட்டா. கூடைய இடுப்புல இடுக்கிக்கிட்டு, இன்னொரு கையால சில்வண்டப் புடிச்சா. மூணு மாடி. சில்வண்டுக்கு ஒரு படிக்கு ரெண்டு காலையும் வச்சு நின்னுட்டுத்தான் அடுத்த படி. மேல இருந்து யாரோ இறங்கி வந்தாங்க, இவங்க சுவரோரம் ஒதுங்கி வழி விட்டாங்க. சிரிச்சாங்க, போயிட்டாங்க.

"பெரிம்மா எங்க?"ன்னா சில்வண்டு.

"வேலையா இருக்காங்க."

"நாளைக்கு வருவாங்களா?"

"வருவாங்க"ன்னு சொல்ல வந்தவ நிறுத்திக்கிட்டா. "தெரியலடா. கூப்பிட்டுப் பாக்கலாம்."

சில்வண்டு கொஞ்சம் யோசிச்சா. அப்புறம் கையத் தூக்கி, துப்பட்டாவுக்கு வெளிய தொங்குன தம்பி காலப் புடிச்சுக்கிட்டா. "மூட்ட, கீழ பாக்காத, பயமா இருக்கும்"ன்னா.

அடுத்த படிக்குக் கால வச்சாங்க.